இந்த முறை பாரன்

அரிசி மூட்டையை வைக்க இடம் வேண்டும் என்று காரின் டிக்கியில் கிடந்த மடக்கு நாற்காலியை ஓரமாகத் தள்ளினேன். உன் நாற்காலி. உறையிலிருந்து கரிப்புகை வாசனை வந்தது. அதற்கு அடியில் நீ பொரித்த மீன் ரோல்ஸின் பழைய எண்ணெய் வாசனை. ஸ்டேடியத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, காலையிலேயே அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஆட்டத்துக்காகக் காத்திருப்போமே, அந்தச் சனிக்கிழமைகளின் வாசனை. நம் ஊரான கேட்டியில் நாம் வழக்கமாகப் போகும் மளிகைக் கடை வாசலில், உச்சி வெயிலில் நின்றுகொண்டு அந்த நாற்காலியைத் திட்டினேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு. தள்ளுவண்டியோடு வந்த ஒரு பெண்மணி, நான் ஃபோனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்குகிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போனாள்.

அப்போது பார்த்து உண்மையிலேயே ஃபோன் அடித்தது. உன் மகள் நிரோ, கல்லூரி விடுதியிலிருந்து. நாம் படித்த அதே கல்லூரி. வேறு எங்கே அவளைச் சேரவிட்டிருப்பாய்?

"ஆன்ட்டி! டிட் யூ ஸீ த நியூ ஸ்டாஃப்? திஸ் டைம் இட்ஸ் ரியல்!"

குரல் உன்னுடையது, பாஷைதான் வேறு. நம் கல்லூரி ஃபுட்பால் டீமுக்கு மறுபடியும் புதுக் கோச் வந்திருக்கிறார். கூடவே ஒரு பட்டாளம். தடுப்பு ஆட்டத்துக்கு ஒருவர், ஓட்டத்துக்கு ஒருவர், உடம்பைத் தேற்ற ஒருவர். ஒவ்வொருவரும் எங்கிருந்து வருகிறார், அங்கே என்ன சாதித்தார் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "ஸ்கேனுக்குப் போனியா நீ?"

"ஆஃப்டர் த ஸ்பிரிங் கேம், ஆன்ட்டி."

எனக்குத் தலைக்குள் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன். அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு இப்போது உன் மேல் வருத்தமெல்லாம் இல்லை, கோபம்தான். நீ செத்துப்போன அக்டோபரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

நாம் சந்தித்த முதல் இலையுதிர்காலம் உனக்கு நினைவிருக்கும். நான் மதுரையிலிருந்து ஒரு பெட்டியும் ஊறுகாய் பாட்டிலுமாக வந்து இறங்கியிருந்தேன். நீ யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போய், அங்கிருந்து லண்டன் போய், இன்னும் எங்கெங்கோ சுற்றி டெக்சஸ் வந்து சேர்ந்திருந்தாய். ஒரே வகுப்பு, ஒரே அடுக்ககம். இருவரும் தமிழ்தான் பேசினோம், ஆனால் பாதி நாள் ஒருவருக்கு மற்றவர் பேசுவது புரியவில்லை. பேசுவதை நீ 'கதைக்கிறன்' என்றால் நான் கதை சொல்லப்போகிறாய் என்று உட்கார்ந்திருப்பேன்.

மாணவர்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் என்னை இழுத்துக்கொண்டு போனாய். கையில் பிடித்துக்கொண்டு ஓடும் பந்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்தவர்கள் மேலேயே எனக்கு மரியாதை இல்லை. நம் டீம் வேறு அடி வாங்கிக்கொண்டிருந்தது. நீயோ எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாய். நடுவில் என் தோளைப் பிடித்து உலுக்கி, "புது ஆக்கள் வந்திருக்கினம். இந்த முறை பாரன்!" என்றாய்.

எங்கள் ஊர் 'பாரேன்' உங்கள் வாயில் 'பாரன்' ஆகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பாரன் என்பது புதிதாக வந்த கோச்சின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரப் பெயர் மாதிரியே இருந்ததா இல்லையா? திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில், எனக்கும் இந்த ஊர் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, கோச் பாரன் வந்துவிட்டார், இனிமேல் எல்லாம் மாறிவிடும் என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். டெக்சஸ்காரப் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் கணினியில் தேடவே ஆரம்பித்துவிட்டான். நீ மேசைக்கு அடியில் குனிந்து சிரித்த சிரிப்பில் விக்கல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து நமக்கு எந்தக் கோச் வந்தாலும் பாரன்தான். ராஜாக்களுக்குப் போடுவதுபோல முதலாம் பாரன், இரண்டாம் பாரன் என்று போட்டுக்கொண்டோம். முதலாம் பாரன் தோற்றுப் போனார். இரண்டாமவர் ஆரம்பத்தில் ஜெயித்துக் காட்டிவிட்டு, பிறகு ஜெயிப்பது எப்படி என்பதையே மறந்துபோனார். மூன்றாமவரை நடுவழியில் அனுப்பினார்கள். நமக்கு வேலை கிடைத்தது, கிரீன் கார்டு வந்தது, கல்யாணம் ஆயிற்று, ஒரே ஊரில் வீடு வாங்கினோம். உனக்கு நிரோ பிறந்தாள். அவ்வளவு காலமும் நம் டீம் தோற்றுக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு முறை புது ஆள் வரும்போதும் நீ மட்டும் புதிதாகப் பிறந்து வருவாய். "தலைமைக் கோச் ஆரெண்டு பாக்காதை. அவரோட ஆர் வாறாங்கள் எண்டு பார்," என்பாய். அந்த ஆட்களைப் பற்றி, அவர்களைப் பெற்றவர்களைவிட உனக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

ஒருமுறை எரிச்சல் தாங்காமல் கேட்டேன். "எத்தனை தடவைடி ஏமாறுவே? உனக்கு அலுக்கவே அலுக்காதா?"

ரோல்ஸைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாய். "இஞ்ச தோத்தா ஆளை மாத்திறாங்கள், திரும்பத் தொடங்கிறாங்கள். நான் வந்த இடத்தில அது இல்லையடி. எனக்கு இது காணும்."

இதுவே போதும் என்று சொல்ல உனக்கு அப்படி ஒரு காரணம் இருந்தால் அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வருமா? கூடவே உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டேன். பக்கத்துக் காரின் தொப்பிக்காரர்களுக்கும் கொடுத்தோம். காரம் தாங்காமல் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொன்று கேட்டார்கள்.

போன வருடம் வந்தாரே, அவர்தான் உன்னைப் பைத்தியமாக அடித்தார். இளம் வயது, வாயைத் திறந்தால் மின்சாரம். அவரோடு வந்த ஸ்டாஃப் முழுவதும் பெரிய இடங்களில் இருந்தவர்கள். இந்த முறை நானே கொஞ்சம் நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஒரு நாள் நாம் நடக்கப் போனபோது நீ குளக்கரை மேட்டில் நின்றுவிட்டாய். செருப்பு வார் அறுந்ததாகச் சொன்னாய். செருப்பு நன்றாகத்தான் இருந்தது. உன் உதடுதான் வெளுத்திருந்தது.

நானும் உன் வீட்டுக்காரரும் சேர்ந்து உன்னை மருத்துவரிடம் தள்ளிக்கொண்டு போனோம். இதய வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் உனக்குப் பிறவியிலிருந்தே இரண்டுதான் என்றார். அந்த இரண்டும் இறுகிப்போய்விட்டன, மாற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். இது குடும்பத்தில் வரக்கூடியது, மகளுக்கும் ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். காதில் விழவில்லை என்று நீ சொல்ல முடியாது.

நீ என்ன செய்தாய்? காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "சீசன் முடியட்டும். டிசம்பரில செய்யிறன்," என்றாய்.

"உனக்கு அறிவிருக்காடி? வால்வு என்ன உன் சீசனுக்கா வெயிட் பண்ணும்?" என்று கத்தினேன்.

"ஏன் கத்துறாய்? எனக்கு ஒண்டும் செய்யேல்லை. கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான். எல்லாத்துக்கும் கொஞ்சம் காலம் குடுக்க வேணுமடி."

கோச்சுக்குக் கொடுக்கும் காலத்தை வால்வுக்கும் கொடுத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நீதான். நான் சண்டை போட்டேன். உன் வீட்டுக்காரரை உசுப்பிவிட்டேன். பாவம், அவர் என்னிடமே வந்து, "நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ, நான் சொன்னால் சிரிக்கிறா," என்று நின்றார். உன்னோடு ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று மிரட்டிப் பார்த்தேன். நிஜமாகவே வராமலும் இருந்தேன். நீ நிரோவோடு போனாய். அந்த ஸ்டேடியப் படிகளில் எப்படி ஏறினாய் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது.

ஜெயித்துத் தொலைத்தார்கள். அதுதான் கொடுமை. அத்தனை வருடம் தோற்றவர்கள் அந்த வருடம் வரிசையாக ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஃபோன் போட்டு, "சொன்னனான் எல்லே?" என்பாய். மூச்சு வாங்கிக்கொண்டேதான் சொல்வாய். அக்டோபரில், பெரிய ஆட்டம் ஒன்றை ஜெயித்துவிட்டு வந்த வாரத்தில், ஒரு காலைநேரம் காரிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கும்போது உங்கள் கராஜிலேயே விழுந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் அடக்கத்தன்று சர்ச்சில் ஒரு அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீம் ஜெயிச்ச சந்தோஷத்தோட போனாங்கம்மா, அது ஒரு கொடுப்பினை," என்றார். வயதானவர், ஆறுதலுக்குச் சொன்னார். இருந்தாலும் அந்த இடத்திலேயே அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். கொடுப்பினையாம். பதினெட்டு வயதுப் பெண் கறுப்புச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், கொடுப்பினையாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், உனக்குத் தெரியாது. யாருடைய சீசன் முடியட்டும் என்று உன் நெஞ்சைத் தள்ளிப்போட்டாயோ, அந்தக் கோச் டிசம்பரில் போய்விட்டார். பெரிய கல்லூரி, பெரிய சம்பளம். நீ கொண்டாடிய ஸ்டாஃபில் பாதிப் பேரையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரே ஒரு சீசன். விமானத்தில் ஏறும்போது கை காட்டுகிற படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது, மதுரையிலேயே அந்த வார்த்தைகளைத் தெருவில் வைத்துச் சொல்ல மாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு உன் மகள் என்னிடம் திஸ் டைம் இட்ஸ் ரியல் என்கிறாள். ஸ்கேனுக்கு நாள் வாங்கிக் கொடுத்தால் பரீட்சை என்று ஒருமுறை தள்ளினாள். இரண்டாவது முறை, அன்றைக்குத்தான் புது ஸ்டாஃப் ரசிகர்களைச் சந்திக்கிறார்களாம், தள்ளினாள். இப்போது ஸ்பிரிங் கேம். அது ஆட்டம்கூட இல்லை, அவர்களே இரண்டு அணியாகப் பிரிந்து அவர்களோடேயே மோதிக்கொள்ளும் பயிற்சி. அதில் தோற்கவே முடியாது என்பதால்தான் அன்றைக்கு எல்லோர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, ஸ்பிரிங் கேம் நடக்கும் சனிக்கிழமை காலை கிளம்பி கல்லூரிக்கு டிரைவ் பண்ணிப் போனேன். ஸ்டேடியத்துக்கு வெளியே அந்த வெட்டவெளி முழுக்கப் புகை, தொப்பிகள், பாட்டு. நாம் வழக்கமாக நிற்கும் மரத்தடியில் உன் மகள் தோழிகளோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஆட்டம் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "செவ்வாய்க்கிழமை ஸ்கேன். நானே வந்து கூட்டிட்டுப் போறேன். கேன்சல் பண்ணினே, நடக்கிறதே வேற," என்றேன்.

அவள் சிரித்தாள். நீ சிரிப்பாயே, பேச்சை மாற்றுவதற்கு ஒரு சிரிப்பு, அச்சு அசல் அதே சிரிப்பு. "ஐம் ஃபைன், ஆன்ட்டி. கிவ் இட் சம் டைம்." பிறகு, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மட்டுமே பதில் சொல்லும் அந்தப் பெண், சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொன்னாள். "இந்த முறை பாரன்."

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. கத்தினேன். எவ்வளவு சத்தமாக என்றால் பக்கத்துக் காரில் பாட்டை நிறுத்தினார்கள். "அந்த வார்த்தையை என்கிட்ட சொல்லாதே! உங்கம்மாவைச் சாகடிச்சதே அந்த வார்த்தைதான். ஒரு டீமுக்காக, யாரோ ஒரு கோச்சுக்காக உன்னை விட்டுட்டுப் போனாடி அவ. நீயும் அதையே செய்யப்போறியா?"

தோழிகள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். நிரோவின் முகம் சுருங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவளுக்கும் கோபம் வந்தது. "நோ!" என்றாள். "யூ டோன்ட் நோ. இட் வாஸ் நெவர் த டீம். ஷீ வாஸ் ஸ்கேர்ட்!"

பிறகு சொன்னாள். ஆகஸ்டில் அவளை விடுதியில் கொண்டுவந்து விட்டபோது, சாமான்களை அடுக்கி முடித்துவிட்டு, நீ அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாயாம். நெஞ்சைப் பிளப்பார்கள், இதயத்தை நிறுத்திவைப்பார்கள், திரும்ப ஓடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாயாம். மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது என்றாயாம். அப்பாவிடமும் ஆன்ட்டியிடமும் சொல்லாதே, அவர்கள் முன்னால் நான் தைரியசாலி என்று சத்தியம் வாங்கினாயாம். ஃபுட்பாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அந்தப் பயம் போகிறது என்றும் சொன்னாயாம்.

நான் அந்தப் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். நேருக்கு நேர் கேட்க முடியவில்லை, அதனால் எழுத்தில் கேட்கிறேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ பிடிவாதக்காரி, பைத்தியக்காரி, பந்துக்கு உயிரை விடுகிறவள் என்று நான் நினைத்துச் சண்டை போட்டேனே, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சிரித்தாய்? பயந்தவளோடு அப்படியா சண்டை போட்டிருப்பேன்? நெஞ்சைப் பிளந்தால் எனக்கும்தான் பயமாக இருக்கும். யாருக்குத்தான் இருக்காது? அதைத் தூக்கி ஒரு சின்னப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டு, எனக்குக் கோச்சுகளின் ஜாதகத்தை மட்டும் படித்துக் காட்டினாய். உன் சிரிப்பை உண்மை என்று நம்பிய முட்டாள் நான். முன்பு உன் மேல் இருந்த கோபம் பரவாயில்லை. இந்தக் கோபம் அதைவிடப் பெரியது.

நிரோ என் பக்கத்தில் வந்து புல்லில் உட்கார்ந்தாள். உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது, யாரோ ஒருவர் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும், ஸ்டேடியமே கூவியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரீட்சை, ஸ்டாஃப், ஸ்பிரிங் கேம் எல்லாமே அதே பயம்தான். அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "உனக்கும் அதேதானா?" தலையை மட்டும் ஆட்டினாள்.

செவ்வாய்க்கிழமை போனோம். ஸ்கேன் எடுக்கும் பையன் கழுத்தில் நம் டீமின் நிறத்தில் அடையாள அட்டைப் பட்டை தொங்கியது. ஜெல்லைத் தடவிக்கொண்டே, இந்த வருடம் ஸ்டாஃப் பிரமாதம், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். திரையில் உன் மகளின் வால்வு திறந்து மூடியது. அவளுக்கும் இரண்டு இதழ்தான். ஆனால் இப்போது இறுக்கம் இல்லை, வருடாவருடம் பார்த்துக்கொண்டால் போதும், மாற்றும் காலம் வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றார் மருத்துவர். உனக்கும் இதையேதான் யாராவது இருபது வயதில் சொல்லியிருப்பார்கள், நீ போயிருந்தால்.

மருத்துவர் வருவதற்கு முன்னால், படுத்திருந்தபடியே, அவள் கையை நீட்டி என் விரல்களைப் பிடித்தாள். "பயமா இருக்கு, ஆன்ட்டி," என்றாள். தமிழில்.

"எனக்கும்டி," என்றேன்.

அவ்வளவுதான். ஐந்து நொடி ஆகியிருக்குமா அதைச் சொல்ல? ஒரு தடவை, குளக்கரையிலோ காரிலோ, அந்த இரண்டு வார்த்தையை நீ என்னிடம் சொல்லியிருந்தால் போதும், நானும் பயந்துகொண்டே உன்னை இழுத்துக்கொண்டு போய் அந்த ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்திருப்பேன். நீ கண் விழிக்கும் வரை கையை விட்டிருக்க மாட்டேன். உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் வருடாவருடம் அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன், அவள் கையை நான்தான் பிடித்துக்கொள்வேன். பயந்தபோது நீ பிடித்துக்கொள்ளாத என் கைதான்டி இது.